ரபீக் பாய் அரக்கு வைத்த பில்ட்

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு எழுத்து பொய் இருந்தாலும் என் கீபோர்டு பற்றி எரியட்டும்! எழுதின புரோகிராமை ஓடுகிற சாமானாகக் கட்டித் தரும் பில்ட் டூலோடு மல்லுக்கட்டி முடி கொட்டிப்போன சகோதரர்களே, உங்களுக்குத்தான் இது. அந்த டூலுக்குப் பிளகின் என்று கையாட்கள் உண்டு. எந்தக் கையாள், எந்த வெர்ஷன் என்று நாம் விதி எழுத வேண்டும். அந்த விதியின் மகிமையை ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றில் கண்ணாரக் கண்டவன் நான்.

தோல் கணக்கு

ஷூ பெட்டிக்கு லேபிள் அடிக்கும் புரோகிராம் என்னுடையது. மேனேஜர் ரபீக் பாய் மேல்விஷாரத்துக்காரர். தோலை விரலால் தடவியே தடிமன் சொல்வார். "வெர்ஷன் ரெண்டுன்னு மட்டும் போடவா, ரெண்டுக்கு மேல எதுவும் சரின்னு போடவா?" என்று பிளகின் விதியைப் பற்றி அவரிடம் சும்மா கேட்டுவைத்தேன். அவர் சொன்னது நியாயமாகப் பட்டது, அப்படியே எழுதிவிட்டேன்.

"தடிமன் ஜாஸ்தின்னா சீவிக்கலாம் சார். கம்மின்னா ஒட்டவா முடியும்? மேல எவ்ளோ வந்தாலும் எடுத்துக்கோ."

மயில் பதில் சொன்னது

சில மாதம் கழித்து, லேபிளில் ஒரு வரியை மாற்றச் சொல்லி வெளிநாட்டு வியாபாரியிடமிருந்து தகவல். கண்டெய்னர் லாரி கேட்டில் நிற்கிறது. சென்னையில் கப்பலைத் தவறவிட்டால் சரக்கு முழுக்க விமானத்தில் போகணும், அந்தச் செலவுக்குப் பாய் வேலையிழந்து வீட்டுக்குப் போகணும்.

பில்ட் அழுத்தினேன். 'ரெண்டுக்கு மேல' என்ற விதியைத் தலைமேல் வைத்துக்கொண்டு டூல் இன்டர்நெட்டுக்குக் கிளம்பியது. டெலிபோன் லைனில் இன்டர்நெட்டை இழுக்கும் மோடம் கத்தின கத்தலுக்குக் காம்பவுண்டுக்கு வெளியே ஒரு மயில் பதில் சொன்னது. டவுன்லோடு முடிவதற்குள் டேனரியில் ஊறின தோலெல்லாம் பதமாகி எழுந்து உட்கார்ந்தது. வந்து இறங்கியது புத்தம் புது வெர்ஷன் மூன்று. அதற்கு எங்கள் பழைய புரோகிராமைப் பிடிக்கவில்லை. திரை முழுக்கச் சிவப்பு.

"என் மிஷின்ல காலைல ஓடிச்சே" என்று, என்னோடு வேலை செய்த ஸ்டெல்லா காட்டுவதற்காக அழுத்தினாள். அதுவும் போய் மூன்றைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டது.

"சார், நான் ஒண்ணுமே தொடல, அதுவா மாறிடுச்சு!"

தகராறு

விதியை 'ரெண்டு மட்டும்' என்று மாற்றினேன். அப்போதும் மறுத்தது. லேபிளைப் பொட்டலம் கட்டும் இன்னொரு பிளகினும் புதுசாகிவிட்டதாம்; மூன்று வந்தால்தான் வருவேன் என்று அது அடம். டூல் கோபப்படவில்லை, கெஞ்சவில்லை. இரண்டு பேர் நிபந்தனையையும் ஒரே வரியில் சொல்லிவிட்டு மலை மாதிரி நின்றது. எனக்குக் கை தானாகக் குவிந்தது. வெளியே லாரி ஹாரன் அடித்தது. பாய் திரையை எட்டிப் பார்த்தார்.

"இன்னா சார், உள்ளே பங்காளிச் சண்டையா?"

அரக்கு

இரண்டு பிளகினுக்கும் 'இதே பழைய வெர்ஷன், வேறெதுவும் வேண்டாம்' என்று எழுதி அழுத்தினேன். கட்டி முடித்தது! லேபிள் பொழிந்த வேகத்தில் பிரிண்டர் மேசையிலிருந்து ஒரு முழம் எழும்பி நின்றது. லாரி கப்பலைப் பிடித்தது, பாய் வேலையும் தப்பித்தது.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம்: வியாபாரி ஒப்புக்கொண்ட மாதிரி ஷூவில் நூல் கோத்து அரக்கு வைத்துவிட்டால், முதலாளியே வந்தாலும் ஒரு தையலை மாற்ற முடியாது. "இனி மாறாது பாய்" என்று சொல்லிப் பார்த்தேன். மனுஷன் நம்பவில்லை. அரக்கைக் காய்ச்சி வந்து மோடத்தின் டெலிபோன் துளையில் ஊற்றி, கம்பெனி முத்திரையும் குத்திவிட்டார்.

"இனிமே புதுசா எது வர்றதுன்னாலும் என்னைக் கேட்டுட்டு வரட்டும்!"

உலகமெல்லாம் வெர்ஷன் ஏறிக்கொண்டே போக, ஆம்பூரில் மட்டும் ஒரு கம்ப்யூட்டர் நிம்மதியாக இருந்தது என்பதுதான் கதை. சொன்னது யார் என்று மட்டும் பாயிடம் போட்டுக்கொடுத்துவிடாதீர்கள், அவரிடம் இன்னும் அரக்கு மிச்சம் இருக்கிறது.