மாதேஸ்வரி வளர்த்த கப்பிக் குஞ்சுகள்

ஓசூரை ஒட்டிய ஜூஜுவாடியில் மாதேஸ்வரிக்குக் கொசுக்காரம்மா என்று பெயர். நீலக் கோட்டு, கையில் டார்ச், தோளில் துணிப்பை, பைக்குள் மருந்து பாட்டில். வீடு வீடாகப் போய்த் தண்ணீர்த் தொட்டி, டிரம், ஃபிரிட்ஜின் பின்தட்டு, பூந்தொட்டிக்கு அடியில் வைத்த தட்டு என்று எட்டிப் பார்ப்பாள். புழு நெளிந்தால் கவிழ்த்துக் கொட்டுவாள். கவிழ்க்க முடியாததில் மருந்து ஊற்றுவாள். பார்த்த வீட்டுச் சுவரில் சாக்பீஸால் தேதி போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவாள். தற்காலிக வேலைதான். மழைக்காலத்தில் தேடிக் கூப்பிடுவார்கள், வெயில் வந்தால் மறந்துவிடுவார்கள்.

இந்த வேலைக்கென்றே பிறந்தவள் என்றும் சொல்லலாம், ஏனென்றால் அவளுக்குச் சும்மா இருக்கத் தெரியாது. காலில் சக்கரம். கல்யாண வீட்டுக்குப் போனாலும் பந்தியில் உட்காருவதற்கு முன் கை கழுவும் அண்டாவை ஒரு எட்டு பார்த்துவிட்டுத்தான் வருவாள். கணவன் கமலக்கண்ணன் ஷிப்ட் முடிந்து வந்து படுத்தால், அந்த ஒற்றை அறைக்குள் அவள் நடக்கிற நடையில் அவனுக்குத் தூக்கம் கலையும். கொஞ்சம் உட்காரேன் என்று கெஞ்சிப் பார்ப்பான். உட்கார்ந்தால் கால் குடைகிறது என்பாள்.

நடப்பதில் அவளுக்குச் சலிப்பில்லை. கேட்டுகளில்தான் சலித்துப் போயிருந்தாள். ஒரு வீட்டில் கன்னடத்தில் விரட்டுவார்கள், அடுத்த வீட்டில் தெலுங்கில். தமிழில் திட்டினாலாவது பதிலுக்கு நாலு வார்த்தை சொல்லலாம். நாயை அவிழ்த்துவிட்டு மாடியிலிருந்து வேடிக்கை பார்த்தவர்களும் உண்டு. போன வருடம் கடி வாங்கி ஊசி போட்டுக்கொண்டபோது, இந்தப் பிழைப்பு போதும் என்று வாய்விட்டே அழுதாள்.

அந்தச் சமயத்தில்தான் சூப்பர்வைசர் பிரகாஷ் ஒரு விஷயம் சொன்னான். பம்ப் ஹவுஸ் பக்கத்தில் சும்மா கிடக்கும் இரண்டு சிமென்ட் தொட்டிகளில் கப்பி மீன் வளர்க்கப் போகிறார்களாம். கப்பி கொசுப்புழுவைத் தின்னும். அதனால் கிணற்றிலும் குட்டையிலும் விடுவதற்கு மீன் எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். தொட்டிகளைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் தேவை. மழை விட்டதும் அதிகாரி வருவார், அதற்குள் ஒரு ஈத்துக் குஞ்சை வீட்டில் வளர்த்து ஆளாக்கிக் காட்டினால் அக்காவுக்கே வேலை என்றான்.

மாதேஸ்வரிக்கு அது வரம் கிடைத்த மாதிரி இருந்தது. தட்ட கேட்டு இல்லை, நாய் இல்லை, முகத்தில் அறைந்தாற்போல் சாத்தப்படும் கதவு இல்லை. மீன் எதிர்த்துப் பேசாது.

பாகலூர் ரோட்டில் மீன் கடை வைத்திருக்கும் டேனியிடம் போனாள். வால் கிழிந்ததால் யாரும் வாங்காமல் கிடந்த ஒரு தாய் மீனைச் சல்லிசாகக் கொடுத்தான். சாம்பல் நிறம், வயிறு மட்டும் உப்பியிருந்தது. கண்ணாடித் தொட்டி வாங்க வசதியில்லை. ஒழுகுகிறதென்று ஒதுக்கிய தண்ணீர் கேனின் கழுத்தை அறுத்து, விரிசலை எம்-சீல் பசையால் அடைத்தாள். ஏரிக்கரையில் கொஞ்சம் பாசி அள்ளி வந்து போட்டாள். மோட்டார், விளக்கு எதுவும் கிடையாது.

கப்பி முட்டையிடாது, குட்டிதான் போடும். போட்ட கையோடு தானே திரும்பித் தின்னவும் செய்யும். மாதேஸ்வரி டீ வடிகட்டியும் கையுமாகக் காத்திருந்து, தாய் குட்டி போட்டு முடித்து வாலைத் திருப்பியதும் அதைத் தூக்கிப் பெயின்ட் வாளியில் விட்டாள். பாசிக்குள் குஞ்சுகள் ஒளிந்து நின்றன. கண் மட்டும்தான் தெரிந்தது, மீதி உடம்பெல்லாம் கண்ணாடி. எத்தனையோ வருடமாக நீரில் நெளிவதையெல்லாம் கொன்றவள், முதல் முறையாக ஒன்றைக் காப்பாற்றியிருந்தாள்.

அவித்த முட்டையின் மஞ்சள் கருவைத் துணியில் கட்டித் தண்ணீரில் லேசாகப் பிழியச் சொல்லியிருந்தான் டேனி. அதில்தான் வினை. கேனைத் தாண்டிப் போகும்போதெல்லாம் அவள் கை சும்மா இருக்கவில்லை. சமைக்கப் போகையில் ஒரு பிழி, துணி காயப்போட வருகையில் ஒரு பிழி. மறுநாள் காலையில் தண்ணீர் பால் மாதிரி வெளுத்து நாறியது. பாதிக் குஞ்சுகள் செத்து மிதந்தன.

மாதேஸ்வரிக்குத் தன் கையைத் தானே அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. தண்ணீரை மாற்றிவிட்டு டேனியிடம் ஓடினாள். கடையில் விற்கும் குஞ்சுத் தீனி விலை கட்டுப்படியாகாது. உயிருள்ள தீனி கொடுங்கள், தண்ணீரும் கெடாது, செலவும் இல்லை என்றான் அவன். அப்போதுதான் பொரிந்த கொசுப்புழு, அதைவிட நல்ல தீனி கிடையாதாம். சொல்லிவிட்டு அவளுடைய நீலக் கோட்டைப் பார்த்துச் சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

முதலில் தப்பாக எதுவும் செய்யவில்லை. வேலை பார்க்கும் வீடுகளில் தரையில் கொட்டும் புழுவை ஒரு பாட்டிலில் பிடித்து வந்தாள், அவ்வளவுதான். பெரியதை வடிகட்டி ஒதுக்கிவிட்டுப் பொடிப் புழுவைக் கேனில் விட்டால், குஞ்சுகள் பாய்ந்து வந்து கவ்வின. அவற்றின் வயிறு உருண்டு சிவந்தது. பார்க்கப் பார்க்க அவளுக்கும் பசி அடங்கியது. ஆனால் அவள் கெட்டிக்காரி அல்லவா, அவள் போய் வந்த தெருக்களில் புழு குறைந்துகொண்டே வந்தது. ஒரு நாள் பாட்டில் காலியாகவே திரும்பியது. சுத்தமாக இருந்த ஒரு தொட்டியைப் பார்த்து அவளுக்கு எரிச்சல் வந்தது. கொசுக்காரம்மாவுக்கு இப்படி ஒரு எரிச்சல் வரலாமா? வந்தது.

மறுநாள் ஆஞ்சப்பன் வீட்டுக்குப் போனாள். வீட்டுக்காரர் ஆஞ்சப்பன் மாடியில் இருக்கிறார். கீழே ஸ்வாதியும் மோகன்குமாரும் வாடகைக்கு இருக்கிறார்கள், மதுரைப் பக்கத்திலிருந்து வந்த இளம் ஜோடி. ஸ்வாதி செல்போன் கம்பெனியில் உற்பத்தி லைனில் நிற்பவள். அந்தத் தெருவிலேயே மாதேஸ்வரியை வாங்கக்கா என்று கூப்பிட்டு, ஒரு டம்ளர் மோர் கொடுத்து உட்காரச் சொல்வது அவள் ஒருத்திதான். வீட்டின் பின்னால், கொய்யா மரத்தடியில், ஆஞ்சப்பனின் பழைய ஆட்டுக்கல் கிடந்தது. யாராலும் புரட்ட முடியாத கனம். அதன் குழியில் மழைத் தண்ணீர் நின்று, அதில் பொடிப் புழுக்கள் துள்ளிக்கொண்டிருந்தன.

மாதேஸ்வரி குனிந்து வடிகட்டியில் அள்ளினாள். தண்ணீரைக் கொட்டவில்லை. சுவரில் தேதி போட்டுவிட்டுப் போனாள். அடுத்த நாளும் வந்து அள்ளினாள். அந்தக் குழியை மண் போட்டு மூடச் சொல்லி மாதக்கணக்கில் ஆஞ்சப்பனை நச்சரித்தவளும் அவள்தான். அந்த வாரம் பார்த்து, தொல்லை தாங்காமல் அவர் ஒரு சாக்கு மண்ணைத் தோளில் சுமந்து வந்து நின்றார். ஸ்வாதியும் கூடவே நின்றாள்.

"வேணாங்க," என்றாள் மாதேஸ்வரி. "மண்ணு போட்டா கல்லு பாழாப் பூடும். நான்தான் தெனமும் வர்றனே. நான் பாத்துக்கறன்."

ஆஞ்சப்பன் விட்டது தொல்லை என்று சாக்கைச் சுவரோரம் சாத்திவிட்டுப் போனார். அவளுக்கு மட்டும் நெஞ்சுக்குள் ஏதோ அரிக்க ஆரம்பித்தது. ஒன்றைக்கூடப் பறக்க விடாமல்தானே அள்ளுகிறோம், இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். தினமும் சொல்ல வேண்டியிருந்தது. குஞ்சுகள் என்னவோ நன்றாக வளர்ந்தன. சிலவற்றின் வாலில் ஆரஞ்சு நிறம் கூட எட்டிப் பார்த்தது.

அப்புறம் கெலமங்கலம் பக்கம் காய்ச்சல் பரவியது. பிரகாஷ் எல்லோரையும் அங்கே முகாமுக்கு அனுப்பினான். விடிந்ததும் வேனில் ஏற்றுவார்கள், இருட்டிய பிறகு கொண்டுவந்து விடுவார்கள். மழை விட்டபாடில்லை, முகாமும் நீண்டுகொண்டே போனது. குஞ்சுகளுக்கு இனிப் புழு தேவையில்லை. தவிட்டையும் கடலைப் புண்ணாக்கையும் பொடித்துப் போட்டாலே தின்னும் அளவுக்கு வளர்ந்துவிட்டன. கமலக்கண்ணன் இரண்டு வேளையும் ஒரு சிட்டிகை போட்டான். புழு தேவைப்படாமல் போனதும் ஆட்டுக்கல் அவள் நினைவிலிருந்தே நழுவிவிட்டது. நம் மனது வேலை செய்கிற அழகு அப்படி.

நினைவு போனாலும் நிம்மதி வரவில்லை. வேனில் உட்கார்ந்தால் கேஸ் அடுப்பை மூடினோமா என்று ஒரு பதைப்பு. கேனின் மேல் வலை போட்டோமா, பூனை வந்திருக்குமோ என்று இன்னொன்று. கமலக்கண்ணனுக்குப் போன் போட்டுக் கேட்பாள். மீன் நன்றாக இருக்கிறது, விரலைக் காட்டினால் மேலே வருகிறது என்று அவன் தூக்கக் கலக்கத்தில் சொல்வான். போனை வைத்த நொடியே மறுபடி அரிக்கும். எதையோ விட்டுவிட்டு வந்தது போல் பையைத் திறந்து திறந்து பார்த்துக்கொள்வாள்.

ஒரு நாள் கெலமங்கலத்தில், கொல்லையில் கிடந்த ஒரு ஆட்டுக்கல்லில் புழுவைப் பார்த்தாள். அந்த வீட்டுப் பெண்ணைப் பிடித்து உலுக்காத குறையாகத் திட்டினாள். புள்ளகுட்டி இருக்கிற வீட்டில் இப்படியா ஆட்டுக்கல்லில் தண்ணியை விட்டு வைப்பாய் என்று கத்திக்கொண்டே இருந்தவளுக்குப் பாதியில் குரல் நின்றுவிட்டது. அந்தப் பெண் பயந்துபோய்த் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாள். மாதேஸ்வரி ரோட்டுக்கு ஓடினாள். பிரகாஷிடம் கூடச் சொல்லவில்லை. கிடைத்த பஸ்ஸில் ஏறி, உட்கார இடமிருந்தும் நின்றுகொண்டே ஓசூர் வந்து, அங்கிருந்து ஜூஜுவாடிக்கு ஆட்டோ பிடித்தாள்.

கேட் திறந்தே கிடந்தது. கீழ் வீடு பூட்டியிருந்தது. ஆட்டுக்கல் குழியில் புழு எதுவும் இல்லை. தண்ணீரின் மேல் மெல்லிய தோல்கள் மட்டும் அடையடையாக மிதந்தன. கொசு பறந்து போகும்போது கழற்றிவிட்டுப் போகும் சட்டை அது. எத்தனை முறை பொரிந்து எத்தனை முறை பறந்தனவோ. அவள் வேலையில் பார்த்த காட்சிதான், ஆனால் இது அவளே விட்டுவைத்த தண்ணீர்.

ஆஞ்சப்பன் மாடிப்படியில் இறங்கி வந்தார். ஸ்வாதிக்கு டெங்கு, பிளேட்லெட் இறங்கிவிட்டது, ஓசூர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்றார். மாதேஸ்வரி குழித் தண்ணீரைக் கையாலேயே இறைத்துக் கொட்டினாள். சுவரோரம் இருந்த சாக்கை இழுத்து வந்து மண்ணைப் போட்டு நிரப்பி, காலால் மிதித்து அழுத்தினாள். எந்த ஊர்க் கொசு எங்கே கடித்ததோ, யாருக்குத் தெரியும்? அந்தக் கேள்விக்குள் போய் ஒளிந்துகொண்டிருக்கலாம். அவள் மனது அதற்கு இடம் கொடுக்கவில்லை.

அன்று மாலையே பிரகாஷ் கூப்பிட்டான். முகாமிலிருந்து சொல்லாமல் ஓடியதற்குத் திட்டுவான் என்று நினைத்தாள். அவனோ, மழை விட்டுவிட்டது, அதிகாரி நாளைக்கு வருகிறார், குஞ்சுகளை எடுத்து வாருங்கள், வேலை உங்களுக்குத்தான் என்றான். வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டாள். அவன் காரணம் கேட்டபோது உடம்பு முடியவில்லை என்றாள். வேலையை விட்டுக்கொடுத்தால் நெஞ்சு ஆறிவிடும் என்று எண்ணியிருந்தாள். ஆறவில்லை. விடிய விடியப் புரண்டாள்.

காலையில் ஒரு இளநீரை வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஸ்வாதி வாடிப்போய்க் கிடந்தாள். கையில் டிரிப் ஏறியது. நேற்று வரை பயமாக இருந்தது, இன்று பிளேட்லெட் ஏற ஆரம்பித்துவிட்டது, இனிப் பயமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டதாக வாசலிலேயே மோகன்குமார் சொன்னான். மாதேஸ்வரிக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. இளநீரைக் கொடுத்துவிட்டு அப்படியே திரும்பிவிடலாம் என்றுகூட ஒரு நொடி தோன்றியது. ஸ்வாதி அவளைப் பார்த்ததும் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் உட்காரச் சொன்னாள். உட்கார்ந்தாள்.

"டாக்டரம்மா என்னையத் திட்டுனாங்கக்கா," என்றாள் ஸ்வாதி. "வீட்டச் சுத்தித் தண்ணி நிக்கிதான்னு பாக்க மாட்டியான்னு. எங்க தெருவுல ஒரு அக்கா தெனமும் வந்து பாத்துட்டுப் போவாங்க, அந்தத் தைரியத்துல நாங்க பின்னாடி போயிப் பாக்குறதே இல்லன்னு சொன்னேன்."

மாதேஸ்வரி தன்னைப் பிடித்திருந்த ஸ்வாதியின் கையைப் பார்த்தாள். சொல்லாமல் இருந்துவிட்டால் இந்தக் கை கடைசிவரை இப்படியே பிடித்திருக்கும். அது அவளுக்குத் தாங்க முடியாததாக இருந்தது.

"நான்தான் உட்டு வெச்சன், ஸ்வாதி. அந்த ஆட்டுக்கல்லுத் தண்ணிய. தெரிஞ்சேதான் உட்டு வெச்சன்."

ஸ்வாதிக்கு முதலில் புரியவில்லை. எதற்கு என்று கேட்டாள். மீன் குஞ்சுக்கு இரை வேண்டியிருந்தது என்று மாதேஸ்வரி சொன்னாள். தொட்டி வேலை, டேனி, வடிகட்டி, கெலமங்கலம் என்று எல்லாவற்றையும் தலை குனிந்தபடி சொல்லி முடித்தாள். ஸ்வாதி தலையணையில் முகத்தை அவள் பக்கம் திருப்பினாள்.

"மீனு பொழச்சிருச்சாக்கா?"

"பொழச்சிகிச்சி," என்றாள் மாதேஸ்வரி.

நல்லது என்று சொல்லிவிட்டு, ஸ்வாதி தன் கையை உருவி எடுத்துக்கொண்டு, டிரிப் குழாய் இழுபடாமல் மெல்லச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.