இல்லாத கையின் வலி

அது சலூனில் மாட்டுவதைப் போன்ற சாதாரணக் கண்ணாடி. சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனுக்கு எதிரே ஒரு கடையில் வாங்கியதாகப் பிசியோதெரபி மேடம் சொன்னார். ஓரம் கையைக் கிழித்துவிடக் கூடாதென்று நான்கு பக்கமும் பிளாஸ்திரி ஒட்டியிருந்தார். மேசைமேல் அதை நிற்கவைத்து, சாயாமலிருக்க இரண்டு தடித்த புத்தகங்களை முட்டுக் கொடுத்தார். "இந்தக் கையை இதுக்குப் பின்னாடி வைங்க" என்றார். அவர் சொன்ன இடது கை எனக்கு மணிக்கட்டோடு முடிந்துபோயிருந்தது.

அப்போது நான் ஒரகடத்தில், கார் உதிரிபாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில், தகடுகளை அழுத்தி வளைக்கும் பிரஸ் மெஷினில் ஆபரேட்டராக இருந்தேன். சொந்த ஊர் கோவில்பட்டிப் பக்கம். ஊர்க்காரர்கள் சிலரோடு வடக்குப்பட்டு போகும் வழியில் ஓர் அறையில் வாடகைக்கு இருந்தேன். விபத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. தகட்டைச் சரியாக நகர்த்தி வைக்கக் கையை நீட்டினேன், மேலே இருந்த அச்சு கீழே வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் கண்விழித்தபோது கையை எடுத்துவிட்டதாகச் சொன்னார்கள். நான் நம்பவில்லை. ஏனென்றால் கை இருந்தது. கட்டைவிரலை உள்ளே மடக்கி, நகங்கள் உள்ளங்கையில் குத்தும்படி இறுக மூடியிருந்தது. போர்வையை விலக்கிப் பார்த்தால் கட்டுப் போட்ட முனை மட்டும் தெரியும். போர்வையை மூடினால் மறுபடியும் அந்த முஷ்டி.

வெட்டுப்பட்ட இடம் ஆறியது, முஷ்டி மட்டும் திறக்கவில்லை. மாவு பிசைகிற மாதிரி வலி சில நேரம், பழுக்கக் காய்ச்சிய ஆணியை அழுத்துகிற மாதிரி சில நேரம். அறையில் எங்களுக்கெல்லாம் மூத்தவரான சாத்தூர் அண்ணன் என்மேல் பிரியமுள்ளவர், ஆரம்ப நாட்களில் சாப்பாடு பிசைந்து தந்தவர். அவரே ஒருநாள், "ஏலே, கையே இல்லங்குறப்ப என்னலே வலி? அதையே நெனச்சிக்கிட்டு கெடக்காத" என்றார். ஊரில் அம்மா போனில் கேட்டுவிட்டு அழுதாள். குறி சொல்கிற கோடாங்கியிடம் பார்க்கலாமா என்று கேட்டாள். அதற்குப் பிறகு நான் யாரிடமும் சொல்வதில்லை. எனக்குப் புத்தி பிசகிக்கொண்டிருக்கிறது என்று நானே முடிவுசெய்துவிட்டேன். வலியைவிட அந்தப் பயம்தான் பெரிதாக இருந்தது.

தோள் இறுகிப்போகாமலிருக்கப் பயிற்சி எடுக்கச் சொல்லி ஆஸ்பத்திரியில் அனுப்பிவைத்த இடம்தான் மேடத்தின் பிசியோதெரபி கிளினிக். ஷேர் ஆட்டோவில் போய் இறங்கினால் நாலு எட்டு நடை. மேடம் மண்ணூர்க்காரர், ஏறக்குறைய என் வயது. படித்த படிப்புக்கான இங்கிலீஷ் ஒரு பக்கம் ஓடும், ஊர்ப் பேச்சு ஒரு பக்கம் ஓடும். தோளை அசைத்துப் பார்த்துக்கொண்டே வலி உண்டா என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் என் முகத்தையே பார்த்தார்.

"இங்க இல்லீங்க. அந்த வெரலு, உள்ளங்கை. அங்க இன்னா பண்ணுது? தொறந்துகினு இருக்கா, மூடிக்கினு இருக்கா?"

அப்படி யாரும் என்னைக் கேட்டதில்லை. மூடியிருக்கு மேடம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது. என் தோளிலிருந்து கையை எடுக்காமல், நான் அழுது முடிக்கும்வரை அவர் நின்றார். பிறகு, "வலி பொய் இல்ல. கைதான் இல்ல. ரெண்டையும் போட்டுக் கொழப்பிக்காதீங்க" என்றார்.

அன்று அவர் விளக்கியதை இன்றும் யோசித்துப் பார்க்கிறேன். நம் ஒவ்வொருவருடைய மூளைக்குள்ளும் உடம்பின் வரைபடம் போல ஒன்று இருக்கிறதாம். கை போனதும் வரைபடத்திலிருந்து கை அழிந்துவிடுவதில்லை. விரலை விரி என்று மூளை சொல்லிக்கொண்டே இருக்கிறது, விரித்தாயிற்று என்று பதில் சொல்ல அங்கே யாருமில்லை. முழுக் கை இருப்பவருக்கும் வலியை உண்டாக்குவது மூளைதானே என்றார். எனக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. காலில் முள் குத்தியவனுக்கும் எனக்கும் இந்த விஷயத்தில் வித்தியாசம் இல்லை. அவர் எதையும் கூட்டிச் சொல்லவில்லை. "இது ஒரு வெளக்கம்தான். எல்லா டாக்டரும் ஒத்துக்கறதில்ல. சில பேருக்கு இந்தக் கண்ணாடி வேலை செய்யுது, சில பேருக்கு செய்யல. உங்களுக்கு எப்படின்னு எனக்குத் தெரியாது, பாக்கலாம்" என்றார். தெரியாது என்று சொல்லிவிட்டு வேலையைத் தொடங்கிய அந்த விதத்தினாலேயே நான் அவரை நம்பினேன்.

கண்ணாடிக்கு முன்னால் வலது கையை வைத்தேன். உள்ளே பார்த்தால், அதன் பிம்பமாக, இல்லாமல்போன என் இடது கை அதே இடத்தில் இருந்தது. ரெண்டு கையையும் மூடுங்க, இப்போ மெதுவா ரெண்டையும் தொறங்க என்றார். வலது கையைத் திறந்தேன். கண்ணாடிக்குள் இடது கை திறந்தது. முதலில் ஒன்றுமில்லை. நாலைந்து முறைக்குப் பிறகு, பூட்டிக் கிடந்த கதவின் தாழ்ப்பாள் நகர்வதுபோல, அந்த முஷ்டிக்குள்ளிருந்து கட்டைவிரல் வெளியே வந்தது. ஒவ்வொரு விரலாக விரிந்தது. நான் மூச்சுவிட மறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மேடம் பார்த்தது என் முகத்தைத்தான்.

ஆட்டோவில் திரும்பும்போதே முஷ்டி மறுபடி மூடிக்கொண்டது. அதையும் அவர் முன்பே சொல்லியிருந்தார். கண்ணாடியைக் கொடுத்தனுப்பியிருந்ததால் அறையிலேயே தினமும் செய்தேன். முதலில் சிரித்த சாத்தூர் அண்ணன், பிறகு தானே வந்து கண்ணாடியைப் பிடித்துக்கொண்டார். திறந்திருக்கும் நேரம் கொஞ்சம் கொஞ்சமாக நீண்டது, வலி தணிந்தது. ஆனால் இன்னொன்றும் நடந்தது. அந்த இல்லாத கை சிறுத்துக்கொண்டே வந்தது. முழங்கைப் பக்கம் ஏறி, சின்னக் குழந்தையின் கைபோல ஒட்டிக்கொண்டு நின்றது. வலி முழுதாகப் போகிற அன்று கையும் போய்விடும் என்று எனக்குப் புரிந்தது.

நான் இடது கைக்காரன். எழுதியது, பந்து எறிந்தது, முதல் சம்பளத்துக்குக் கையெழுத்துப் போட்டது எல்லாம் அந்தக் கை. ஆஸ்பத்திரியில் ஒருமுறை எடுத்தார்கள், அது அவர்கள் எடுத்தது. இப்போது நானே அதைத் துடைத்தெறிகிறேன் என்று தோன்றியது. கண்ணாடியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன். கிளினிக்குக்கும் போகவில்லை. வலி திரும்பி வந்தது. சொன்னால் யார் நம்புவார்கள், அதை ஒருவிதச் சந்தோஷத்தோடுதான் வாங்கிக்கொண்டேன்.

மேடம் போன் செய்தார். ஏன் வரவில்லை என்று அதட்டவில்லை. நான் உளறிக்கொட்டியதைக் கேட்டுவிட்டு, "வச்சிக்கறதும் வுடறதும் உங்க இஷ்டம்தான். ஆனா அத ஞாபகம் வச்சிக்க வலி ஒண்ணுதான் வழின்னு நெனைக்காதீங்க" என்றார். ஒரு வாரம் யோசித்தேன். பிறகு அண்ணனையே கண்ணாடியை எடுக்கச் சொன்னேன்.

இன்று அதே கம்பெனியில் ஸ்டோர்ஸில் வேலை செய்கிறேன். வலது கையால் எழுதுகிறேன், எழுத்து இன்னும் கோணல்தான். மழைநாட்களில் மின்னல் மாதிரி ஏதோ ஓடும், போய்விடும். மேடம் கல்யாணமாகிக் கோயம்புத்தூர்ப் பக்கம் போய்விட்டார். அந்தக் கிளினிக் இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. அதைக் கடக்கும்போதெல்லாம் நினைவுக்கு வருவது நான் கடைசியாகப் போன நாள்தான்.

அன்று காலையில் எழுந்தபோது அந்தக் கை எங்குமே இல்லை. மேடத்திடம் போய்ச் சொன்னேன். அவர் கைகுலுக்குவார், சந்தோஷப்படுவார் என்று எதிர்பார்த்திருந்தேன்.

"அழுதீங்களா?" என்றார்.

"ஆமா மேடம்."

வெளியே பெஞ்சில் இரண்டு பேர் காத்திருந்தார்கள். ஒரு பத்து நிமிஷம் பொறுக்கும்படி அவர்களிடம் சொல்லிவிட்டு, கதவைச் சாத்திவிட்டு வந்து, எனக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அது எப்படிப்பட்ட கை? சொல்லுங்க, கேக்கறேன்."

சின்ன வயதில் சோற்றில் இடது கையை வைக்கக் கூடாதென்று அம்மா தன் பழைய சேலைக் கிழிசலால் அதை இடுப்போடு சேர்த்துக் கட்டிவிடுவாள். அங்கிருந்து ஆரம்பித்தேன்.