பிணம் பேசிய காட்சி

என் கணவர் ஆரின் மேடக் எத்தனை முறை செத்தார் என்று அவருக்கே தெரியாது. ஹாலிவுட்டில் கொள்ளைக்கூட்டப் படம் எடுத்தவர்களெல்லாம் அவரைக் கூப்பிட்டுச் சுட்டார்கள். தொப்பி பறக்க விழுவதில் கெட்டிக்காரர். மௌனப் படக் காலம் அது. விழுந்த பிணங்கள் தரையில் கிடந்தபடியே ஊர்க்கதை பேசும். கேமராவில் உதடு தெரியாதவரை யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள்.

பேசும் படம் வந்தபின் அவருக்கு முதன்முதலாக ஒரு வசனம் கிடைத்தது. "கதவத் திறக்காத, அது போலீஸ் இல்ல." அவ்வளவுதான். சவரம் செய்யும்போதும் அதையே சொல்லிக்கொண்டிருப்பார். எங்களுக்குப் பிள்ளை இல்லை. குரலாவது மிஞ்சட்டுமே என்றார் ஒருநாள்.

வசனம் நன்றாகவே வந்ததாம். சுட்டார்கள், விழுந்தார். பக்கத்தில் பிணமாகக் கிடந்த கஸ், தொப்பை ஏறி இறங்க மூச்சு விட்டிருக்கிறான். இவர் பழைய பழக்கத்தில் முணுமுணுத்துவிட்டார்: "மூச்ச அடக்குடா தடியா, நீ செத்துட்ட." பூச்சாடிக்குள் ஒளித்து வைத்திருந்த மைக் அதையும் வாங்கிக்கொண்டது. கதாநாயகன் அப்போதுதான் கண்ணீரும் கம்பலையுமாகப் பேசிக்கொண்டிருந்தார்.

இயக்குநர் கத்தவில்லை. "நமக்குப் பேசற பொணம் வேணாம்ப்பா," என்றாராம். எல்லோரும் சிரித்தார்கள். வசனம் கஸ்ஸுக்குப் போயிற்று. இவர் மறுபடி விழுந்து, வாயை மூடிக்கொண்டு கிடந்தார். வீட்டுக்கு வந்து சிரித்தபடிதான் இதைச் சொன்னார். சூப்பை மட்டும் தொடவில்லை.

படம் வெளிவருமுன் நிமோனியா அவரைக் கொண்டுபோய்விட்டது.

அடக்கம் முடிந்ததும் ஸ்டுடியோவுக்குப் போய், கெட்டுப்போன அந்தப் பதிவு கிடைக்குமா என்று கேட்டேன். ஒலிப்பதிவாளர் நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார்.

"அது மெழுகுத் தட்டும்மா. காட்சி கெட்டா உடனே சீவி வழவழன்னு ஆக்கிடுவோம். அதுமேலதான் அடுத்தது பதியும்."

நான் எழுந்தபோது, "அவர் பேசினத நான் கேட்டேன்மா. தெளிவாத்தான் இருந்துச்சு," என்றார்.

படத்துக்குப் போனேன். கஸ் வசனத்தைச் சொன்னான். குண்டு வெடித்தது, ஆரின் விழுந்தார். கதாநாயகன் நெடுநேரம் பேசினார். தியேட்டரே அவரைப் பார்த்தது. நான் மூலையில் கிடந்தவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உதடு அசையவே இல்லை.

மறுநாளும் போனேன், அதற்கடுத்த நாளும். நேற்றோடு படத்தை மாற்றிவிட்டார்கள்.