ரேடியோக்காரர் பாட்டு

எழுபதுகளில் அருப்புக்கோட்டையில் நாங்கள் ஐந்து பேர் ஒரு மெல்லிசைக் குழு நடத்தினோம். பகலில் தறி, சாயங்காலம் ஒத்திகை. நான் கிதார். கோயில் பொங்கலுக்குக் கூப்பிட்டால் சினிமாப் பாட்டுத்தான் பாட வேண்டும். சொந்தப் பாட்டு என்றால் மூஞ்சியைச் சுளிப்பார்கள். சுளித்தால் சுளிக்கட்டும் என்று நாங்களே ஒன்று கட்டினோம்.

கடல் தாண்டி வரும் ரேடியோவில் பேசுகிற ஒரு அறிவிப்பாளரைப் பற்றிய பாட்டு அது. ரேடியோவில் பாட்டு ஓடும்போது எங்கள் தெருவில் தறியும் ஓடும். அவர் வாயைத் திறந்தால் அத்தனை தறியும் நிற்கும், பாட்டுக் கேட்டுக் கார்டு போட்டவர்களின் பெயரை அவர் வாசிப்பதைக் கேட்பதற்காக. ஆபீசுகளில் வாய்க்கு வந்தபடி கூப்பிட்ட எங்கள் தெலுங்குப் பெயர்களை ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்ன மனிதர். அதனால் பாட்டின் நடுவே எல்லா வாத்தியத்தையும் சட்டென்று நிறுத்தி, எட்டு எண்ணிவிட்டுத் தொடருவோம்.

பொங்கல் மேடையில் அந்த இடத்தில் நிறுத்தினோம். விழாக் கமிட்டித் தலைவர் நிலபுலம் உள்ள பெரிய சம்சாரி, தறிக்காரத் தெரு வழக்கம் அறியாதவர். எங்களுக்குப் பாட்டு மறந்துவிட்டது என்று நினைத்து விறுவிறுவென்று ஏறி மைக்கைப் பிடுங்கினார். விளக்கிச் சொன்னேன். இன்னும் கோபம் வந்தது அவருக்கு.

"பேசிப் பொழைக்கிறவனுக்கு ஒரு பாட்டா, லே? சினிமாப் பாட்டு பாடு. இல்லேன்னா எறங்கு."

எனக்குச் சுரீர் என்றது. "சரிங்கய்யா, எறங்குறோம். இதை முடிக்காம வேற பாட மாட்டோம்" என்றேன். கூட்டத்துக்கு நடுவில் போய் நின்று, மைக் இல்லாமல் மீதியைத் தொண்டை கிழியப் பாடினோம். பாதிப் பேருக்குக் கேட்டிருக்காது.

மறுவருசம் கூப்பிடவில்லை. போங்கடா என்று பாலவனத்தத்தில் பாடினோம், காரியாபட்டியில் பாடினோம். திருச்சுழியில் மூன்று தடவை திருப்பிப் பாட வைத்தார்கள். எங்கே போனாலும் மேடைக்கு வருகிற சீட்டில் 'ரேடியோக்காரர் பாட்டு' என்றே எழுதியிருக்கும். அதற்கடுத்த வருசம் தலைவரே ஆள் அனுப்பினார், ஊரே அந்தப் பாட்டைக் கேட்கிறது என்று. வருகிறோம், ஆனால் அதை அவர்தான் மைக்கில் அறிவிக்க வேண்டும் என்று சொல்லியனுப்பினேன். திமிர்தான். இன்றைக்கும் அதற்காக நான் வருத்தப்படவில்லை.

வெளுத்த வேட்டியோடு வந்து மைக்கைப் பிடித்தார். பேச்சு வரவில்லை. கனைத்தார். துண்டால் முகத்தைத் துடைத்தார். கூட்டம் காத்திருந்தது, நானும் உதவிக்குப் போகவில்லை. கடைசியில் மைக்கிலேயே சொன்னார்:

"எனக்கு வரலப்பா. அது அந்த ரேடியோக்காரவுகளுக்குத்தான் வரும். நீங்க பாடுங்க."

இறங்கிப் போய் முன்வரிசையில் உட்கார்ந்தார். நடுவில் நிறுத்தினோம், எட்டு எண்ணினோம். அவர் அசையவில்லை.