பன்னிரண்டு கட்டங்களும் மதுமதியின் கோப்பும்

மதுமதிக்கு முப்பத்தாறு வயது. ஜாதகத்தில் ஏழாம் வீட்டில் செவ்வாய். ஜாதகத்தைப் பார்த்தவர்கள் யாரும் பெண்ணைப் பார்க்க வரவில்லை. பாளையங்கோட்டையில் ஒரு தட்டெழுத்துப் பயிலகத்தில் அவள் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். வீட்டில் தாய் உலகம்மாள், பக்கவாதம் வந்து படுக்கையில். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் போட்டு, முதுகைத் துடைத்துப் பவுடர் போட வேண்டும். மதுமதி வெளியே போகும் நேரத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரியைப் பழக்கி வைத்திருந்தாள். ஆறு வருஷத்தில் உலகம்மாளுக்கு ஒரு படுக்கைப்புண்கூட வந்ததில்லை. மதுமதி எப்படிப்பட்டவள் என்பதற்கு இது ஒன்றே போதும்.

அருணாசலம் அதே ஊரில் திருமணத் தகவல் மையம் நடத்தினார். சைவக் குடும்பங்களின் ஜாதகம் எண்ணூறுக்கு மேல் அவரிடம் இருந்தது. தொண்ணூற்றெட்டில், சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் இருக்கிற பையன்களின் பெற்றோர் பார்க்கும்படி எல்லாவற்றையும் இன்டர்நெட்டில் போட ஆசைப்பட்டு, கம்ப்யூட்டர் படித்திருந்த மதுமதியைக் கூப்பிட்டார்.

சென்னைக் கம்பெனி ஒன்று டெம்ப்ளேட் விற்றது. ஆயத்தமான பக்கங்கள், பெயரையும் ஊரையும் நிரப்பினால் போதும். ஆனால் அது நீல நிறத்தில், இங்கிலீஷ் எழுத்துக்கென்றே செய்தது. ஜாதகக் கட்டம் என்றால் என்னவென்றே அதற்குத் தெரியாது. மதுமதி மாலை மாலையாக எட்டு மாதம் உட்கார்ந்தாள். தமிழ் எழுத்தை வரவழைத்தாள். பன்னிரண்டு வீடுகளும் ஒரே அளவில், கிரகம் இல்லாத வீடுகூடச் சுருங்காமல் நிற்கும்படி செய்தாள். சந்தன நிறம் பூசினாள்.

கம்பெனி கொடுத்த கோப்புகளில் அவள் கை வைக்கவில்லை. தன் மாற்றங்கள் அத்தனையையும் தனிக் கோப்பு ஒன்றில் எழுதி, அதற்கு ‘மது’ என்று பெயர் வைத்தாள். வாங்குகிறவர்கள் எழுதிக்கொள்ளக் கம்பெனியே விட்டிருந்த இடத்தில், அந்தக் கோப்பைக் கடைசியாகக் கூப்பிடும்படி ஒரு வரி சேர்த்தாள். நாளைக்குப் புது டெம்ப்ளேட் வந்தால் பழையதன் மேல் அப்படியே விழுந்து அதை அழித்துவிடும். தனியாக இருப்பதுதான் தப்பிக்கும்.

தொண்ணூற்றொன்பது தை மாதம் ஒரு லாட்ஜ் மாடியில் திறப்பு விழா. அருணாசலம் தன் மருமகன் குற்றாலலிங்கத்துக்குச் சால்வை போர்த்தி, “எல்லாம் நம்ம மாப்பிள்ளை மூளை” என்றார். பக்கத்தின் அடியில் இருந்த ‘வடிவமைப்பு: மதுமதி’ என்ற வரியைக் காணவில்லை. அவளுக்கு ஓர் எவர்சில்வர் தூக்குச்சட்டி கொடுத்தார்கள்.

“என் பேரு எங்க அண்ணாச்சி?”

“ஏளா, கோவப்படாத. நீ ஏழுல செவ்வாய்க்காரி. உன் கை பட்ட கட்டம்னு தெரிஞ்சா எவன் தன் பிள்ளை ஜாதகத்தக் குடுப்பான்? தொழில் பாரு.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். குற்றாலலிங்கம், “சட்டி நல்ல கனமா இருக்கும், பாத்துத் தூக்கிட்டுப் போங்க” என்றான். மறுநாள் முதல் அவள் மையத்துக்கு வர வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்கள்.

ஒரு மாதம் கழித்து மதுமதி பிரவுசிங் சென்டரில் அந்தப் பக்கத்தைத் திறந்து, உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்தாள். தன் கோப்பைக் கூப்பிட அவள் சேர்த்த வரி இல்லை. ‘மது’ கோப்பும் இல்லை. குற்றாலலிங்கம் அதில் இருந்ததையெல்லாம் கம்பெனியின் கோப்புக்குள்ளேயே ஒட்டிவிட்டு, கோப்பை அழித்திருந்தான். எந்த மூலையிலும் அவள் பெயர் இருக்கக் கூடாதாம். பக்கம் வெளியே முன்பு போலவே சந்தன நிறத்தில் அழகாக இருந்தது.

மதுமதிக்குச் சிரிப்பு வந்தது. வீட்டுக்குப் போய், தன் கோப்பின் நகல் இருந்த ஃபிளாப்பியை உலகம்மாளின் மருந்து டப்பாவில் வைத்தாள். பிறகு காத்திருந்தாள். வாரம் ஒருமுறை கம்பெனியின் பக்கத்தைப் போய்ப் பார்த்தாள்.

ஆடி மாதம் அறிவிப்பு வந்தது. புது டெம்ப்ளேட் தயார், எல்லோரும் மாற்றிக்கொள்ள வேண்டும், எங்கள் கோப்புகளுக்குள் நீங்கள் செய்த மாற்றங்கள் அழிந்துபோகும். இங்கிலீஷில், தடித்த எழுத்தில். குற்றாலலிங்கம் படிக்க மாட்டான் என்று அவளுக்குத் தெரியும். பிரவுசிங் சென்டர் வாசலிலேயே டெலிபோன் பூத் இருந்தது. ஒரு ரூபாய் போட்டு ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. அவள் அதைத் தாண்டி நடந்து பஸ் ஏறினாள்.

ஆவணி பிறந்து மூன்றாம் நாள் காலை, அருணாசலம் வேர்த்து வடிய அவள் வீட்டு வாசலில் நின்றார்.

“மதும்மா, மாப்பிள்ளை புது டெம்ப்ளேட்டப் போட்டாரு, எல்லாம் போச்சு. தமிழ் எழுத்தெல்லாம் புள்ளி வச்சு கோடு போட்டு என்னமோ பாஷையா நிக்குது. கட்டமெல்லாம் சுருங்கி ஒண்ணுமேல ஒண்ணு ஏறிக் கெடக்கு. சிங்கப்பூர்ல இருந்து ஒருத்தர் போன் போட்டு, எங்க பிள்ளை ஜாதகத்துல ஏழாம் வீட்டையே காணலியேன்னு சத்தம் போடுதாரு. முகூர்த்த மாசம்மா!”

“மாப்பிள்ளை மூளை என்னாச்சு?”

அவர் துண்டால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

“உள்ள வாங்க. அம்மைய இப்பத்தான் புரட்டணும். அந்த விரிப்பு நுனியப் பிடிங்க. இழுக்காதீங்க, பைய. தோலு கிழிஞ்சிரும்.”

எண்ணூறு ஜாதகக்காரர் குனிந்து விரிப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். மதுமதி அவசரப்படவில்லை. முதுகைத் துடைத்து, ஈரம் உலர விட்டு, பவுடர் போட்டு, சேலையைச் சரிசெய்து, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகுதான் பேசினாள்.

“செஞ்சு தாரேன். தனிக் கோப்பாத்தான் வைப்பேன். இனி அதுல எவனும் கை வைக்கப்பிடாது.”

“நீ என்ன சொன்னாலும் சரி.”

மையத்தில் குற்றாலலிங்கம் எழுந்து நாற்காலியைக் கொடுத்தான். ஃபிளாப்பியில் இருந்த கோப்பைத் தனியாக ஏற்றி முடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. பக்கத்தைத் திறந்தபோது தமிழ் வந்திருந்தது, சந்தன நிறம் வந்திருந்தது, பன்னிரண்டு வீடுகளும் நேராக நின்றன. அருணாசலம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு ஜாதகத்தைத் திறந்தார். கட்டத்தின் நடுவில், ‘ராசி’ என்று எழுதுகிற இடத்தில், அதற்குக் கீழே இன்னொரு வரி இருந்தது: ‘கட்டம் வரைந்தவர் மதுமதி. ஏழில் செவ்வாய்.’

அவர் அடுத்த ஜாதகத்தைத் திறந்தார். அதிலும் இருந்தது. அதற்கடுத்ததிலும் இருந்தது.

“என்னளா இது? எடு அத!”

“கட்டத்தையும் பேரையும் ஒரே படமா வரைஞ்சு வச்சிருக்கேன் அண்ணாச்சி. எடுத்தா ரெண்டும் சேந்து போயிரும். மாப்பிள்ளைகிட்ட வேணா கேளுங்க.”

குற்றாலலிங்கம் ஃபேனைப் பார்த்தான்.

“எவன் ஜாதகம் குடுப்பான்?”

“பாப்பமே.”

மதுமதி பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். பன்னிரண்டு மணிவரை பக்கத்து வீட்டுக்காரி பார்த்துக்கொள்வாள். அரை மணி நேரத்தில் டெலிபோன் மணி அடித்தது. சிங்கப்பூர்க்காரர். எழுத்தும் கட்டமும் சரியாகிவிட்டதைப் பார்த்து அவருக்குக் கோபம் போய்விட்டது. ஜாதகத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. இளைய மகளுடையதையும் அனுப்புவதாகச் சொன்னார். அதோடு, கட்டத்தின் நடுவில் பேர் போட்டிருக்கிற அந்தப் பெண் யார் என்று கேட்டார்.

அருணாசலம் வாயைக் கையால் மறைத்துக்கொண்டு, “நம்ம... நம்ம மதுமதிதான். எல்லாம் அவ செஞ்சது” என்று முணுமுணுத்தார்.

எதிர்முனையில் கேட்கவில்லை போலிருந்தது.

“சத்தமாச் சொல்லுங்க அண்ணாச்சி,” என்றாள் மதுமதி. “வெளிநாட்டு லைனு.”