ஐ.டி.பி. சந்தியில் இறங்காதவள்

எங்கள் பக்கத்தில் ஆங்கில எழுத்துக்களைக் கோத்துப் பேசாமல் ஒரு நாளும் ஓடாது. கிராம சேவகர் ஜீ.எஸ்., பிரதேச செயலாளர் டி.எஸ்., வீடு கட்டித் தந்தவர்கள் என்.ஜி.ஓ. அவை எழுத்துக்கள் என்ற நினைப்பே எங்களுக்கு இல்லை. றஞ்சினியும், "ஜீ.எஸ்.ஸிட்டப் போட்டு வாறன்" என்று வாய் நிறையச் சொல்லுகிறவள்தான். ஒரேயொரு சொல்லோடுதான் அவளுக்குப் பகை.

இந்தியாவில் மண்டபம் அகதி முகாமிலிருந்து திரும்பி நாங்கள் இந்தக் கரையில் குடியேறிப் பல வருடங்களாயிற்று. இதன் பேர் வெள்ளாங்கரை. ஆனால் வந்த புதிதில் யாரோ ஓர் அதிகாரி எங்களை ஐ.டி.பி., அதாவது இடம்பெயர்ந்தோர், என்று சொல்லிவைக்க, பஸ் தரிப்புக்கு அதுவே பேராகிவிட்டது. அதிகாரி மாற்றலாகிப் போய்விட்டார். பேர் போகவில்லை.

றஞ்சினியின் மகள் கிருஷிகா பட்டணத்துப் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்புக்குப் போன முதல் கிழமையே அழுதுகொண்டு வந்தாள். வகுப்பில் அவளை ஐ.டி.பி. என்றுதான் கூப்பிடுகிறார்களாம். இனிப் பள்ளிக்கூடம் வேண்டாம் என்று பையை எறிந்தாள்.

"நாங்கள் இடம்பெயர்ந்த ஆக்களில்லை. ஊருக்கு வந்த ஆக்கள்" என்றாள் றஞ்சினி.

மறுநாள் மகளை இழுத்துக்கொண்டுபோய்ப் பள்ளியில் விட்டாள். சந்தையில் கருவாடு விற்றுவிட்டு, பின்னேரம் மகளோடு பஸ் ஏறினாள். கொண்டக்டர் டொமினிக் வழக்கம்போல, "ஐ.டி.பி. சந்தி!" என்று கத்தினான். அவள் எழும்பவில்லை.

"அக்கா, உங்கட இடமெல்லோ?"

"என்ர இடம் வெள்ளாங்கரை. அது வந்தாச் சொல்லுங்கோ தம்பி."

பஸ்ஸே சிரித்தது. அவள் அடுத்த தரிப்பில் இறங்கி, தலையில் ஓலைக் கடகத்தோடு, முகத்தைத் தூக்கிவைத்திருந்த மகளையும் கூட்டிக்கொண்டு வெயிலில் திரும்பி நடந்தாள். அடுத்தடுத்த நாட்களும் இதே கூத்துத்தான்.

"மூண்டு எழுத்தோட உனக்கென்ன சண்டை? பிள்ளையின்ர கால் தேயுது" என்றான் புருஷன் சுபாஸ்.

"கால் தேஞ்சாப் பரவாயில்லை" என்றாள்.

அதே பஸ்ஸில் வந்துபோகிற, பக்கத்து வீட்டுக்காரியான எனக்கே எரிச்சல் வந்தது. பிடிவாதத்துக்கும் ஓர் அளவு வேண்டாமா?

ஒருநாள் டொமினிக் கேட்டான். "அந்தப் பேரில என்னக்கா பிழை? நான் அது ஏதோ கொம்பனியெண்டு நினைச்சன்."

"ஊர் இல்லாமல் அலையிற ஆக்கள் எண்டு அர்த்தம். உங்கட அம்மாவும் சண்டைக் காலத்தில ஓடித் திரிஞ்சவதானே தம்பி. அவவை இண்டைக்கும் அப்பிடிக் கூப்பிடுவியளோ?"

டொமினிக் ரிக்கற் கிழிக்கப் போய்விட்டான்.

அடுத்த நாள் சந்தி நெருங்கியதும் வாயைத் திறந்தான், மூடினான். பழைய பேரைச் சொல்ல மனம் வரவில்லை, மற்றதைச் சொல்ல வெட்கம். பஸ்ஸின் வேகமும் குறையவில்லை. றஞ்சினி நேரே பார்த்தபடி இருந்தாள்.

கிருஷிகா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழும்பினாள்.

"அண்ணை, வெள்ளாங்கரை இறக்கம்!"

பஸ் முழுவதும் திரும்பிப் பார்த்தது. டொமினிக் மணியை இழுத்தான். தலையை நிமிர்த்திக்கொண்டு மகள் முன்னே இறங்க, கடகத்தைத் தூக்கிக்கொண்டு தாய் பின்னால் இறங்கினாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர்கள் போவதையே பார்த்துக்கொண்டிருந்ததில் இறங்க மறந்துபோனேன். அன்றைக்கு வெயிலில் திரும்பி நடந்தவள் நான்தான்.