எட்டாம் வகுப்புத் தலைவிக்கு ஒரு சான்றிதழ்

போன வருஷம் என் மகளுக்காகச் சென்னையில் ஒரு கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டோம். பழவேற்காட்டில் கம்ப்யூட்டர் கடை வைத்திருப்பவர்தான் நிரப்பிக் கொடுத்தார். நடுவில் ஒரு கட்டம் வந்தது: பள்ளியில் வகித்த தலைமைப் பொறுப்புகள்.

"லீடரா இருந்தியாம்மா? இத காலியா வுட்டா சீட்டு கஷ்டம்."

"எட்டாவதுல இருந்தேன்" என்றாள் மகள்.

"அத்தயே போடு. சர்டிபிகேட் ஒண்ணு வாங்கி வெச்சுக்க."

அந்தச் சீட்டு கிடைக்காவிட்டால் இறால் கம்பெனி வேலைக்கு வேன் ஏறிவிடுவதாக அவள் ஏற்கெனவே சொல்லியிருந்தாள். அதனால்தான், யாரிடமும் எதையும் கேட்டுப் பழக்கமில்லாத நான், எங்கள் ஊர்ப் பள்ளிக்குப் போனேன். நானும் அங்கேதான் படித்தேன். வேப்பமரத்தில் அந்தத் தண்டவாளத் துண்டு இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. அதுதான் எங்கள் மணி.

எங்கள் ஏரியில் இறால் வலை போடும் இடங்களுக்கு முறை உண்டு. இன்று ஒருவர், நாளை இன்னொருவர். அதைப் பாடு என்போம். பள்ளியில் லீடர் பதவியையும் நாங்கள் அப்படித்தான் வைத்துக்கொண்டோம். சீட்டுக் குலுக்கி, ஆளுக்கு ஒரு வாரம். லீடர்தான் மணி அடிக்க வேண்டும். பிரேயரில் முன்னால் நின்று உறுதிமொழியும் சொல்ல வேண்டும். எல்லார் முன்னாலும் நின்று பேச எனக்குப் பயம். என் வாரம் வந்தபோது பக்கத்தில் இருந்தவனுக்குக் கொடுத்துவிட்டேன். ஆனால் அந்த வாரம் அவன் அடித்த ஒவ்வொரு மணியும் எனக்கு மட்டும் வேறு மாதிரி கேட்டது.

"பாட்ட தூக்கிக் குடுத்துட்டு வந்துட்டானாம். நாளிக்கு ஏரியிலயும் குடுத்துட்டு கரையில குந்திக்கடா" என்று என் நைனா வாரம் முழுக்கச் சிரித்தார்.

"எட்டாவது லீடருக்கா சர்டிபிகேட்?" நான் வந்த காரியத்தைச் சொன்னதும் இப்போதைய தலைமை ஆசிரியையும் சிரித்தார். ஆனாலும் எழுதி முத்திரை குத்திக் கொடுத்தார்.

சேர்க்கை நாளன்று கவுன்ட்டரில் இருந்த மேடம் அதை வாசித்தார். "ஒரு வாரம் லீடரா?" வரிசையில் பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். நான் தரையைப் பார்த்தேன். காரியம் கெட்டது என்றே நினைத்தேன்.

மகள்தான் பேசினாள். "ஆமா மேடம். எங்க ஸ்கூல்ல எல்லாருக்கும் ஒரு வாரம்."

"நல்லாதான் இருக்கு. ஆனா இதுக்குல்லாம் மார்க் கிடையாதும்மா. அந்தக் கட்டத்த இங்க யாரும் பாக்கறதில்ல. மார்க் ஷீட், டி.சி., கம்யூனிட்டி குடு." மதிப்பெண்களைப் பார்த்தார். "பி.காம். உனக்கு இருக்கு."

திரும்பும்போது மீஞ்சூரில் கூட்டம் இறங்கி, ரயிலில் உட்கார இடம் கிடைத்தது.

"உன் வாரத்துல நீ இன்னா பண்ண நைனா?"

சொன்னேன்.

"சும்மாவா குடுத்த?"

"நாலு கொடுக்காப்புளி குடுத்தான்."

பக்கத்துச் சீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தாள். பிறகு அந்தச் சான்றிதழை எடுத்து, "அதான் வேணான்ட்டாங்களே, கிழிச்சிடவா?" என்றாள்.

நான் வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். 'ஒரு வாரம் காலையும் மாலையும் தவறாமல் மணி அடித்தார்' என்று அதில் ஒரு வரி இருந்தது.